நெம்புகோல் ரைபிள்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும்

நெம்புகோல் ரைபிள் என்பது, விசைக்குக் கீழே வளையம்போல் அமைந்த கைப்பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்து இயக்கப்படும் துப்பாக்கி வகையாகும். இந்த ஓர் அசைவிலேயே சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழுந்து, அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். லீவர் ஆக்‌ஷன் ரைபிள் என்றும் இதைக் குறிப்பிடுவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் உருவான இவ்வகை, அங்கு மான் வேட்டையாடுவோரிடமும் கால்நடைப் பண்ணைகளிலும் நூறாண்டுக்கு மேல் புழங்கியது. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தவையும், பழைய பொருள் சந்தையில் வாங்கியவையுமாக லட்சக்கணக்கான ரைபிள்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

இத்தகைய பழைய ரைபிளில் ஒரு சுருள்வில்லோ திருகாணியோ உடைந்தால் மாற்றுப் பாகம் கிடைக்குமா என்பதை, அதன் மாடல் பெயரைவிட அது எந்த ஆண்டில், எந்த ஆலையில் செய்யப்பட்டது என்பதே தீர்மானிக்கிறது. எனவே உதிரிப்பாகத் தேடலைப் புரிந்துகொள்ள இந்த ஆலைகளின் வரலாற்றை அறிவது தேவையாகிறது.

ஒன்றுபோல் பாகங்கள் என்னும் கருத்து

ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி அதே வகையின் இன்னொரு துப்பாக்கியில் பொருத்தலாம் என்பது 18ஆம் நூற்றாண்டில் நடைமுறையில் இல்லை. கொல்லர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்து, அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருந்தச் செய்வார். பருத்தி அரைவைப் பொறியால் புகழ்பெற்ற எலி விட்னி, 1798இல் அமெரிக்க அரசுக்கு 10,000 மஸ்கெட் துப்பாக்கிகள் செய்துதர ஒப்பந்தம் பெற்றார். 1801இல் வாஷிங்டனில், தலைவர்கள் முன்னிலையில் பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். இதனால் ஒன்றுபோல் பாகங்கள் செய்யும் முறையின் தந்தை எனப் பாடநூல்கள் அவரை நெடுங்காலம் குறிப்பிட்டன. ஆனால் எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளைப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, பாகங்கள் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தவில்லை.

அதை உண்மையில் செய்து காட்டியவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதச் சாலையில் அளவுகோல்களையும் வெட்டுப் பொறிகளையும் கொண்டு அவர் செய்த ரைபிள்களை 1820களில் ஓர் ஆய்வுக் குழு சோதித்தது. பிரித்துக் கலந்த பாகங்களை மீண்டும் பூட்டியபோது அவை பொருந்தின. இம்முறைக்குச் செலவு மிக அதிகம். அரசு அதைத் தாங்கியது. தனியார் ஆலைகள் மெல்லத்தான் பின்தொடர்ந்தன.

ஹென்றி ரைபிள்

வால்ட்டர் ஹன்ட் 1840களின் இறுதியில் வடிவமைத்த தொடர்சுடு ரைபிளிலிருந்து இவ்வகையின் முக்கியமான கிளை தொடங்குகிறது. ஊக்கைக் கண்டுபிடித்தவரும் இவரே. அந்த வடிவம் பலர் கைகளில் மாறி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் சட்டை தைக்கும் தொழில் நடத்திய ஆலிவர் வின்செஸ்டரிடம் வந்தது. அவருடைய ஆலையில் பணிபுரிந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி, 1860இல் தம் ரைபிளுக்குக் காப்புரிமை பெற்றார்.

1866 வரை ஏறத்தாழ 14,000 ஹென்றி ரைபிள்கள் செய்யப்பட்டன. உள்நாட்டுப் போரின்போது அரசு வாங்கியவை 1,731. இவற்றின் பின்கட்டைக்குள்ளும், கட்டையின் முனைத் தகட்டிலும், அதன் திருகாணிகளிலும்கூட ரைபிளின் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பாகங்கள் அந்த ஒரு ரைபிளுக்கென்றே பொருத்தப்பட்டவை என்பதற்கு இந்த எண்களே சான்று. ஹென்றி ரைபிளுக்குப் பாகம் தேடுவோர், இன்னொரு ஹென்றியிலிருந்து எடுத்தால் போதும் என எண்ண முடியாது.

ஒரே பெயர், வேறு வேறு உடல்கள்

1866இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் பெயரில் முதல் ரைபிளை வெளியிட்டது. அடுத்து வந்த 1873 மாடல் 7 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் மூன்று வகைகள் உள்ளன. ரைபிளின் மேல்புறத் திறப்பை மூடும் தூசி மூடி, முதல் வகையில் உடலில் வெட்டிய பள்ளங்களில் நகர்கிறது. இரண்டாம் வகையில் அதற்கான தண்டவாளம் தனியே திருகாணியால் பூட்டப்பட்டுள்ளது. மூன்றாம் வகையில் அது உடலோடு சேர்த்தே கடைந்தெடுக்கப்பட்டது. ஒரு வகையின் மூடியை வாங்கி இன்னொன்றில் போட இயலாது.

திருகாணிகளும் சிக்கலைத் தந்தன. வில்லியம் செல்லர்ஸ் 1864இல் அமெரிக்காவுக்குப் பொதுவான மரை அளவுகளை முன்வைத்தார். துப்பாக்கி ஆலைகளோ தத்தம் சொந்த அளவுகளையே தொடர்ந்து பயன்படுத்தின. ஆகவே இரும்புக்கடையில் கிடைக்கும் திருகாணி பழைய வின்செஸ்டரில் ஏறுவதில்லை.

1894 மாடலும் 1964ஆம் ஆண்டும்

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, இவ்வகையில் மிக அதிகம் விற்ற ரைபிளாகும். 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பத்து லட்சமாவது ரைபிள் 1927இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கும், இருபது லட்சமாவது 1953இல் ஐசனோவருக்கும் வழங்கப்பட்டன.

இத்தனை எண்ணிக்கையில் வந்த ரைபிளுக்குப் பாகம் கிடைப்பது எளிது எனத் தோன்றும். ஆனால் 1964இல் நிறுவனம் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. கடைந்தெடுத்த தோட்டாத் தூக்கிக்குப் பதில் தகட்டில் அழுத்தி வெட்டிய தூக்கி வந்தது. கெட்டி ஊசிகளின் இடத்தில் தகட்டைச் சுருட்டிய ஊசிகள் வந்தன. உடலின் உலோகமும் மாறியது. அதனால் பழைய ரைபிள்களுக்குக் கருமை ஏற்றும் வழக்கமான முறை இவற்றில் சரியாகப் பிடிப்பதில்லை. வாங்குவோர் வேறுபாட்டை உடனே கண்டுகொண்டனர். ‘64க்கு முந்தியது’ என்பது பழைய துப்பாக்கிச் சந்தையில் தனி விலை பெறும் சொல்லாயிற்று. பாகக் கடைகளிலும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவே. ஏறத்தாழ 27 லட்சம் என்ற வரிசை எண்ணே பிரிகோடாகக் கொள்ளப்படுகிறது.

மாற்றங்கள் அத்துடன் நிற்கவில்லை. 1980களில் வெற்றுக் கூட்டைப் பக்கவாட்டில் சாய்வாக வெளியேற்றும் அமைப்பு சேர்ந்தது. 1990களில் குறுக்கே தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் வந்தது. 2003இல் அது மேற்புறப் பொத்தானாக இடம் மாறியது. ஒவ்வொரு மாற்றமும் தனக்கென ஒரு பாகப் பட்டியலை உண்டாக்கிற்று. நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது. பின்னர் ஜப்பானின் மிரோகு ஆலை இதே மாடலைச் செய்யத் தொடங்கியது.

மார்லின் ஆலையின் இடமாற்றம்

வின்செஸ்டருக்குப் போட்டியாக அதே வட்டாரத்தில் வளர்ந்தது மார்லின் நிறுவனம். 1948இல் வந்த அதன் 336 மாடல், அரைநூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்ததால் உதிரிப்பாகம் தேடுவோருக்கு அனுகூலமானது. இதில் அடிக்கடி தேய்வது தோட்டாவைத் தூக்கிவிடும் நெம்பு. கைப்பிடியின் வளைவு ஒவ்வொரு முறையும் இதில் உரசுவதால் காலப்போக்கில் ஒரு பள்ளம் விழுகிறது. அப்போது அடுத்த தோட்டா தூக்கியின் அடியில் நழுவிச் சென்று ரைபிள் இறுகிவிடும். ‘மார்லின் ஜாம்’ என்றே இதற்குப் பெயர் வழங்குகிறது.

1970களில் தொடங்கிய எண் முறை ஆண்டை அறிய உதவுகிறது. வரிசை எண்ணின் முதல் இரு இலக்கங்களை 100இலிருந்து கழித்தால் தயாரித்த ஆண்டு கிடைக்கும்: 20 எனத் தொடங்கினால் 1980.

மார்லினை ரெமிங்டன் வாங்கிய பின், நார்த் ஹேவன் ஆலை 2011இல் மூடப்பட்டுத் தயாரிப்பு வேறிடத்துக்குப் போனது. புதிய இடத்தில் செய்த முதல் ஆண்டுகளின் ரைபிள்கள் குறித்துப் பயன்படுத்துவோரிடையே பரவலாகக் குறை எழுந்தது. பல்லாண்டு பழகிய கைகள் அறிந்திருந்த நுணுக்கங்கள் பொறிகளோடு சேர்ந்து இடம் மாறவில்லை. ரெமிங்டன் 2020இல் திவாலானபோது ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, 2021 இறுதியில் மீண்டும் ரைபிள்களை வெளியிட்டது. புதிய ஆலையின் பாகம் பழைய ரைபிளுக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

பாகங்கள் கிடைக்கும் வழிகள்

நின்றுபோன மாடல்களுக்குப் பாகங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது, பிரித்து விற்கப்படும் பழைய ரைபிள்கள். நியூயார்க் மாநிலத்தில் 1950இல் தொடங்கிய நியூம்ரிக் நிறுவனம் இத்தகைய பாகங்களைச் சேர்த்து விற்பதையே தொழிலாகக் கொண்டது. பாகங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் படங்களுக்கும் எண்களுக்கும் அதன் பட்டியல்கள் பெயர் பெற்றவை.

இரண்டாவது, படிகள். இத்தாலியின் உபெர்டி நிறுவனம் 1866, 1873 மாடல்களின் படிகளைச் செய்கிறது. தோற்றம் ஒன்றாயினும் அளவுகளில் வேறுபாடு இருப்பதால், இவற்றின் பாகங்களை அரத்தால் சரிசெய்யாமல் மூல ரைபிளில் பூட்டுவது அரிது.

மூன்றாவது, துப்பாக்கி செப்பனிடுவோர் புதிதாகச் செய்து தருவது. விட்னிக்கு முந்திய கொல்லரின் முறை இங்கே மீண்டும் வருகிறது. திருகாணி, வில் போன்றவற்றைப் பொருத்துவதில் ஆபத்து குறைவு. தோட்டாவைப் பின்னிருந்து அடைத்துப் பிடிக்கும் அடைப்பானையோ அதன் பூட்டையோ மாற்றினால், தோட்டாவுக்குப் பின்னுள்ள இடைவெளியை அளவியால் சோதிக்க வேண்டும். இடைவெளி மிகுந்தால் சுடும்போது தோட்டாக் கூடு வெடித்து முகத்தருகே வாயு பீறிடக்கூடும்.

சட்டமும் வரிசை எண்ணும்

1968இல் இயற்றப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இயக்கப் பொறியைத் தாங்கும் உடற்சட்டமே ‘துப்பாக்கி’ எனக் கொள்ளப்படுகிறது. அதை வணிகரிடமிருந்து வாங்க உரிமம் பெற்றவர் வழியாகவே செல்ல வேண்டும். குழல், வில், பின்கட்டை போன்றவற்றைக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அஞ்சலில் பெறலாம்; மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இதே சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கருதுகிறது. ஆகவே வின்செஸ்டர் 1894 மாடலில் ஓராண்டு இடைவெளியில் செய்த இரு ரைபிள்கள் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறாகலாம்.

தயாரித்த காலத்தை உறுதிசெய்ய வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் உதவுகிறது. வின்செஸ்டர், மார்லின் ஆலைகளின் பழைய பதிவேடுகள் பல அங்கே காக்கப்படுகின்றன. ஒரு ரைபிள் எந்தக் குழல் நீளத்துடன், எந்த அமைப்பில் ஆலையை விட்டு வெளியேறியது என்பதை அவற்றிலிருந்து வரிசை எண்ணைக் கொண்டு அறியலாம்.

இத்தகவல் பணமதிப்போடும் தொடர்புடையது. மூலப் பாகங்களுடன் உள்ள ரைபிளைச் சேகரிப்போர் உயர்ந்த விலைக்கு வாங்குவர். பிற்காலப் பாகம் பூட்டிய ரைபிள் சுடத் தகுதி பெற்றாலும் அந்த மதிப்பை இழக்கிறது. இதனால் கழற்றிய பழைய பாகத்தை, உடைந்ததாயினும் ரைபிளுடன் சேர்த்து வைக்கும் வழக்கம் உரிமையாளர்களிடையே உள்ளது. அடுத்துச் செப்பனிடுபவருக்கு அளவு பார்க்கும் மாதிரியாகவும் அது பயன்படுகிறது.