சைக்கிள் டைனமோவும் கிற்றார் பெடலும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்ரீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

காங்கேசன்துறைப் பக்கத்துப் பொடியன்கள் சிலர் கொழும்பிலிருந்து ஒரு டிஸ்ரோர்ஷன் பெடல் எடுப்பித்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி. மேலே மூன்று குமிழ், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் பூட்டினால், சுத்தமாக வந்த ஒலி கரகரத்து, உறுமி, நீண்டு நிற்கும். "சேர், இதை எப்படி செற் பண்ணுறது?" என்று எங்களிடம் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டது வேறு: "நல்ல சத்தத்தைக் கெடுக்கிறதுக்குக் காசு குடுத்து ஒரு பெட்டியோ?"

பெரியவரின் கேள்விதான் வரலாற்றுக் கேள்வி. முதலில் அதற்கு வருவோம். (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். இங்கே விஞ்ஞானமும் வரலாறும் மட்டும்.)

இந்தக் கரகரப்பை யாரும் மேசையில் இருந்து திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பழுதாய்ப் போன சாமான்களில் இருந்து வந்தது அது. 1951 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'ரொக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யப் போனவர்களின் அம்பிளிபயர் போகும் வழியில் சேதமாகிவிட்டது. திருத்த நேரமில்லை. அப்படியே வாசித்தார்கள். வந்த இரைச்சல் பாட்டுக்குப் பொருந்திப் போயிற்று. 1958 இல் லிங்க் ரே என்பவர் அதே இரைச்சல் வேண்டுமென்று தன் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964 இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கடதாசியைச் சவர அலகால் கீறினார். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெடல் என்ற பெட்டியாக இது மாறியது நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நடந்த பழுதால். மார்ட்டி ரொபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' பாட்டின் பதிவில், கிரேடி மார்ட்டின் வாசித்த கிற்றார் போன வழியில் கலவைப் பலகை கெட்டுப்போய், தேனீக் கூட்டம் போல ஓர் ஒலி வந்தது. 1961 இல் பாட்டு வெளிவந்தபோது அந்தப் பழுதும் சேர்ந்தே வெளிவந்தது. மற்றக் கலைஞர்களும் அதே சத்தம் வேண்டுமென்று வரத் தொடங்கினார்கள். ஆனால் கெட்ட பகுதியோ முற்றாகச் செத்துவிட்டது. அதனால் ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்நொடி, ரான்சிஸ்ரர்களை வைத்து அந்தப் பழுதைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அதை கிப்சன் நிறுவனம் வாங்கி 1962 இல் 'மேஸ்ட்ரோ பஸ்-டோன்' என்ற பெயரில் விற்றது. ஆரம்பத்தில் அது பெரிதாக விலைப்படவில்லை. 1965 இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்பாக்‌ஷன்' பாட்டில் அதை மிதித்த பிறகுதான் கடைகளில் தட்டுப்பாடு வந்தது.

அந்த முதல் பெட்டி எதில் ஓடியது தெரியுமா? இரண்டு சின்ன 1.5 வோல்ற் பற்றரியில். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு திரும்பி வருவோம்.

உள்ளே நடப்பது இதுதான். கிற்றார் தந்தியில் இருந்து வரும் மின் அலை மலையும் பள்ளமும் போல ஏறி இறங்கும். பெட்டி அதைப் பல மடங்கு பெருப்பிக்கிறது. பிறகு இரண்டு டயோட்டுகளை எதிரெதிர்த் திசையில் வைத்து, மலையின் உச்சியையும் பள்ளத்தின் அடியையும் வெட்டிவிடுகிறது. சிலிக்கன் டயோட் என்றால் ஏறக்குறைய 0.6 வோல்ற்றில் வெட்டும், ஜேர்மேனியம் என்றால் 0.3 வோல்ற் அளவில். உச்சி தட்டையானவுடன் மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. அதுதான் அந்தக் கரகரப்பு. ஒலி மெலிந்து போகும்போதும் வெட்டு மட்டத்துக்கு மேலேயே நிற்பதால் சத்தம் நீண்டு கேட்கிறது.

இதைக் கேட்டுக் காதைப் பொத்துபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தம்புராவின் குதிரையில் ஒரு சிறு நூலைச் செருகுவது எதற்காக? தந்தி பாலத்தில் பட்டும் படாமலும் அதிர்ந்து, ரீங்காரம் வரவேண்டும் என்பதற்காக. அதுவும் மேல்சுரங்களைக் கூட்டும் வேலைதான். வழி வேறு, ஆசை ஒன்று.

இனி எங்கள் பக்கம். அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்கள் கொடிகட்டிப் பறந்தன. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இரண்டும் கடல் கடந்து போயின. அந்தப் பாட்டுகளைத் தாங்கியது சுத்தமான கிற்றார். அதற்கு ஒரு காரணம் உண்டு. பைலாத் தாளத்தில் ஆறு தந்தியையும் சேர்த்து விறுவிறு என்று அடிப்பார்கள். அந்த முழு ஸ்வரக்கூட்டத்தை டிஸ்ரோர்ஷனுக்குள் விட்டால், ஒவ்வொரு சுரமும் மற்றதோடு மோதிக் கூழாகிவிடும். இந்தப் பெட்டிக்குப் பிடித்தது இரண்டே சுரம்: ஸட்ஜமும் பஞ்சமமும். ரொக் இசைக்காரர் 'பவர் கோர்ட்' என்று சொல்வது அதைத்தான்.

இன்னொரு காரணம் வயிறு சம்பந்தப்பட்டது. 1970 முதல் 77 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கே வரிசை. வெளிநாட்டு இலத்திரனியல் சாமான் எங்கே வரும்? 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து, ஜப்பான் கசற் ரெக்கோடர்கள் கடைகளை நிறைத்தன. அதே 1977 இல்தான் ஜப்பானின் பொஸ் நிறுவனம் தன் முதல் ஓவர்டிரைவ் பெடலை வெளியிட்டது. 1978 இல் அவர்களுடைய செம்மஞ்சள் நிற டி.எஸ்-1 வந்தது. அந்தப் பெட்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது. கதவு திறந்த நேரமும் பெட்டி பிறந்த நேரமும் ஒன்றாய் அமைந்தது. குடாநாட்டுப் பிள்ளைகள் அந்த வழியில் எங்கே போய்ச் சேர்ந்திருப்பார்களோ, போர் வந்துவிட்டது.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. காங்கேசன்துறை மக்கள் வீடு வாசலை விட்டு மல்லாகம், சுன்னாகம் என்று உள்ளே நகர்ந்தார்கள். சீமெந்து ஆலை நின்றது. ரயில் நின்றது. மின்சாரமும் நின்றது, ஆண்டுக்கணக்கில். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நாங்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். ரேடியோவோ கசற் பெட்டியோ தூக்கிக்கொண்டு போகும் பயணமல்ல அது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் அகதி வாழ்க்கை. ஆகவே இனிச் சொல்லப்போவது நாங்கள் கண்ணால் கண்டதல்ல. திரும்பி வந்தபிறகு அயலவர்கள் சொல்லிக் கேட்டது.

பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குள் வர விடாத பொருட்களின் பட்டியல் பெரிது. எரிபொருள், சீமெந்து (சீமெந்து செய்த ஊருக்கே சீமெந்து இல்லை!), அதோடு பற்றரி. ஆம், ரோச்சுக்கும் ரேடியோவுக்கும் போடும் சாதாரண பற்றரி. முன்னே ஞாபகம் வைத்திருக்கச் சொன்னோமே, முதல் பஸ் பெடல் ஓடிய அந்த 1.5 வோல்ற் பற்றரியின் இனம்தான். உலகம் முழுக்க இளைஞர்கள் இந்தச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், இங்கே ஒரு சோடி பற்றரி கடத்தல் பொருள்.

அப்போது மக்கள் செய்ததை எல்லோரும் அறிவீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்தார்கள். ஒருவர் சுற்ற, வீடே சுற்றியிருந்து செய்தி கேட்டது. பாட்டும் கேட்டது. சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ற், 3 வாட் சாமான். அதில் வருவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம். ரேடியோவுக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். இடையில் டயோட் வேண்டும். ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் தடுக்கும் அந்தச் சின்ன உருளை.

பெடலுக்குள் இருந்து சத்தத்தை வெட்டுவதும் டயோட்தான். பருமனும் வகையும் வேறு, குணம் ஒன்று. அங்கே ஒருவன் ஒழுங்கான சத்தத்தை உடைக்க அதைப் பூட்டினான். இங்கே ஒருவர் உடைந்த மின்சாரத்தை ஒழுங்காக்க அதைப் பூட்டினார். வகுப்பில் டயோட் படிப்பிக்கும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுவது எங்கள் வழக்கம். பாடப்புத்தகத்துப் படத்தைவிட இது பிள்ளைகளுக்குச் சுறுக்காக ஏறுகிறது.

இன்னொன்று. சுற்றுகிற கை களைத்தால் வோல்ற்று விழும். வோல்ற்று விழுந்தால் அம்பிளிபயருக்கு அலையின் உச்சி வரை எழும்ப இடம் போதாது. உச்சி தானாக வெட்டுப்படும், பாட்டு கரகரக்கும். கசற் என்றால் மோட்டார் மெதுவாகிப் பாடகரின் குரலே இறங்கிவிடும். "சுத்து, சுத்து" என்று சத்தம் போடுவார்களாம். இன்றைக்கு வெளிநாட்டில் விற்கும் சில பெடல்களில், சாகப்போகும் பற்றரியின் கரகரப்பை வேண்டுமென்றே கொண்டுவர ஒரு தனிக் குமிழ் உண்டு. அதற்கு மேலதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதை அவர்கள் இரசிப்பதில் பிழையில்லை. விரும்பிக் கெடுப்பதற்கு முதலில் நல்லது ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவரின் கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில் இதுவே. அவர் டைனமோ சுற்றிய தலைமுறை. சுத்தமான சத்தத்துக்காகக் கை வலித்தவர். பொடியன்கள் அவருக்குப் பதில் சொல்லும்போது அதை நினைத்துக்கொண்டு சொல்லட்டும்.

சரி, செற் பண்ணும் வேலைக்கு வருவோம்.

முதலில் அம்பிளிபயரின் சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். கிற்றார் வயர் பெடலின் 'இன்புட்' ஓட்டைக்கு. பெரும்பாலும் அது வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கத்து 'அவுட்புட்' அம்பிளிபயருக்கு. குமிழ்களில் 'டிஸ்ட்' அல்லது 'டிரைவ்' என்பது எவ்வளவு பெருப்பித்து வெட்டுவது என்பதற்கு. 'டோன்' கூர்மைக்கு. 'லெவல்' வெளியே போகும் சத்தத்துக்கு. டிரைவைக் கீழே வைத்து, டோனை நடுவில் விட்டு, பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சத்தம் ஒரே அளவாக வரும்வரை லெவலைத் திருப்புங்கள். பிறகுதான் டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. கூட்டக் கூட்ட லெவலைக் குறைக்க வேண்டி வரும். எல்லாக் குமிழையும் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு "சேர், இரைச்சல்தான் வருது" என்று வராதீர்கள். பெடல் கிற்றாரை மட்டுமல்ல, வயரில் ஏறும் இரைச்சலையும் சேர்த்தே பெருப்பிக்கும். டிரைவை வைத்த இடத்தில் விட்டு, கிற்றாரில் உள்ள சத்தக் குமிழை இறக்கினால் கரகரப்புக் குறைந்து ஒலி தெளியும். நல்ல வாசிப்பாளர் பாதி வேலையை அந்தக் குமிழிலேயே முடிப்பார்.

மின்சாரம் கவனம். இவற்றுக்குப் பெரும்பாலும் 9 வோல்ற். பெடல் அடப்டரில் பொதுவாக ஊசியின் நடுப்பகுதி எதிர்முனை, வெளிப்பகுதி நேர்முனை. வீட்டில் கிடக்கும் வேறு சாமான்களின் அடப்டர்கள் பல இதற்கு மறுதலை. மாறிக் கொடுத்தால் பெடல் செத்துப்போகலாம். பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். பற்றரியில் ஓட்டுகிறவர்கள் வாசித்து முடிந்ததும் இன்புட் வயரைக் கழற்றிவிட வேண்டும். அந்த ஓட்டையே சுவிட்ச். வயர் செருகிக் கிடந்தால், காலால் அணைத்திருந்தாலும் பற்றரி வடிந்துகொண்டே இருக்கும். பற்றரிக்கு அலைந்த ஊரில் இதை இரண்டு தரம் சொல்லலாம்.

பழைய வீடுகளில் எர்த் சரியில்லாவிட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வரும். அதை நிறுத்துவதற்கு பிளக்கின் எர்த் காலை ஒருபோதும் கழற்றாதீர்கள். கிற்றார் தந்திகள் அந்த எர்த்தோடுதான் தொடுக்கப்பட்டிருக்கின்றன. தந்தியில் கையும் மைக்கில் வாயும் வைத்தால், இது 230 வோல்ற் நாடு. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக, துறைமுகப் பக்கம் இருப்பவர்களுக்கு. உப்புக்காற்று வயர் முனைகளைச் சுறுக்காக மங்கச் செய்யும். அடிக்கடி உலர்ந்த துணியால் துடையுங்கள். நாட்கணக்கில் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள், வெக்கைக்கு ஒழுகிவிடும். ஜேர்மேனியம் ரான்சிஸ்ரர் உள்ள பெடலை இளைஞர்கள் ஆசைப்பட்டுத் தேடுகிறார்கள். எங்கள் சித்திரை வெயிலில் அதன் குணம் மாறும். காலையில் ஒரு சத்தம், மத்தியானம் இன்னொரு சத்தம். சிலிக்கன்தான் இந்த ஊருக்குத் தோது.

அந்த வருடங்களில் டைனமோவில் ரேடியோ கேட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை டயோட் போட்டீர்கள், எங்கே எடுத்தீர்கள், எந்தச் சைக்கிள், யார் சுற்றினார்கள், என்ன கேட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். வரைபடம் கையால் கீறினாலும் பரவாயில்லை, படமெடுத்துப் போடுங்கள். அடுத்த தவணையில் டயோட் பாடம் வருகிறது. நாங்கள் இல்லாத வருடங்களை உங்கள் பேச்சிலேயே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.