அடுப்புக்கு வெளியே நடந்த விருந்தோம்பல்

தமிழரின் விருந்தோம்பலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தலைவாழை இலையில் தொடங்கி, பாயசமும் மோரும் முடியும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். விருந்து என்றால் சமையல், சமையல் என்றால் அடுப்பு என்ற எண்ணம் அத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் பானகம், நீர்மோர், ஊறவைத்த பருப்பில் செய்யும் வடைபருப்பு, வெல்லமிட்ட அவல், பஞ்சாமிர்தம், கல்யாண வாசலில் நீட்டப்படும் சந்தனமும் கற்கண்டும், விடைபெறும்போது கையில் வைக்கும் வெற்றிலை பாக்கு என்று அடுப்பே பற்றவைக்காமல் வந்தவரைச் சிறப்பிக்கும் இன்னொரு மரபு கூடவே வந்திருக்கிறது. இவற்றைப் பெரிய விருந்துக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட சிறு பண்டங்களாகவே நம் உணவு வரலாறு கருதுகிறது. அது சரியல்ல என்பது என் வாதம். யார் அடுப்பில் வெந்ததை யார் உண்ணலாம் என்பதற்கு ஆயிரம் விதிகள் இருந்த சமூகத்தில், சமையலறையால் வரவேற்க முடியாதவர்களை வரவேற்பதற்கென்றே வளர்ந்த வழக்கம் இது. பந்தி உட்காரவைக்க மறுத்தவர்களுக்கும் ஏதோ ஒன்றைக் கௌரவமாகக் கொடுக்க, வேகாத பண்டம் வழி செய்தது.

இதற்குப் பழைய சான்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரைக்கு வந்த கோவலனையும் கண்ணகியையும் சமணத் துறவியான கவுந்தியடிகள் இடைக்குல மூதாட்டியான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கொலைக்களக் காதையில் மாதரி தன் வீட்டில் சமைத்த உணவை அவர்களுக்குப் படைப்பதில்லை. கோவலன் சமண நோன்பு காக்கும் இல்லறத்தான் என்று சொல்லி, அவர்கள் பகற்பொழுதிலேயே உணவாக்கிக்கொள்ள நல்ல கலங்களை விரைந்து கொடுக்கும்படி ஆய்ச்சியரிடம் கூறுகிறாள். அவர்கள் பலாக்காய், வெள்ளரி, மாதுளை, மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் என்று எல்லாவற்றையும் வேகாத நிலையில் கொண்டுவந்து தருகிறார்கள். கண்ணகி சமைத்துக் கணவனுக்குப் படைத்து, பிறகு வெற்றிலையும் பாக்கும் அளிக்கிறாள். புதிதாகக் குடித்தனம் வைக்கும் பெண் தன் கையால் சமைக்க விரும்புவது இயல்புதானே, இதில் சமய வேறுபாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் காரணத்தை மாதரியின் வாயாலேயே காப்பியம் சொல்லவைக்கிறது. நோன்பைக் குறிப்பிட்ட பிறகுதான் கலங்களைக் கேட்கிறாள். வேறு நெறியில் நிற்கும் விருந்தினரின் விதிக்குள் கை நீட்டாமல், தன் அன்பையும் குறைத்துக்கொள்ளாமல் கொடுக்க அவளுக்குக் கிடைத்த வழி, பழமும் அரிசியும் பாலும்தான்.

வள்ளி கதையும் இதே இடத்தைத் தொடுகிறது. தினைப்புனம் காக்கும் குறமகளிடம் முருகன் கிழவராக வந்து பசிக்கிறது என்கிறார். அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். பரணில் நிற்பவளுக்கு அடுப்பு ஏது என்று எளிதாகக் கடந்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் கதையில் யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கொடுப்பவள் மலைக்குறவர் மகள், பெறுபவர் முன்பின் அறியாத வழிப்போக்கர், கொடுக்கும் இடம் வீட்டுக்கு வெளியே ஒரு வயல். அறிமுகமில்லாதவரை ஏற்கும் இடங்கள் நம் மரபில் வயல், தெரு, திண்ணை, பந்தல் என்று பெரும்பாலும் சமையலறைக்குத் தொலைவில்தான் அமைகின்றன.

பந்தலின் வரலாறு இன்னும் உறுதியானது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திங்களூர் அந்தணரான அப்பூதியடிகள், தான் கண்ணால் பார்த்திராத வேளாளரான திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார். பெயரைக் கண்டு நாவுக்கரசரே அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் சமையல் நடக்கிறது. வாழைக்குருத்து அரியப் போன மகனைப் பாம்பு தீண்டுவதும் அப்போதுதான். அங்கே பந்தல் ஊருக்குப் பொது. விருந்து ஒருவருக்கு மட்டும். இது புராணம், சான்றாகுமா என்பவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. செய்யாற்றுப் பகுதியிலுள்ள உக்கலில், முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, பெருவழியோரம் கிணறும் தொட்டியும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்ததைப் பதிவு செய்கிறது. கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் இறைப்பவருக்கும், பந்தலில் நீர் வார்ப்பவருக்கும், பந்தலுக்குக் கலம் தருபவருக்கும் தனித்தனியே நெல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. போகிற போக்கில் செய்த தருமம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆள், கூலி, பாத்திரம் என்று கணக்கு வைத்து நடத்திய நிறுவனம் அது. ஆனால் அந்தக் கணக்கில் சமையல்காரர் இல்லை.

வேகாத பண்டம் இப்படிப் பயன்பட்டதற்கான காரணத்தைச் சாதியையும் உணவையும் ஆராய்ந்தவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். லூயி துமோன், மக்கிம் மாரியட் போன்ற மானுடவியலாளர்கள் காட்டியபடி, தீட்டு பற்றிய விதிகள் தண்ணீரில் வெந்த சோற்றில்தான் மிகக் கடுமையாகச் செயல்பட்டன. தானியம், பழம், தேங்காய் போன்ற வேகாத பொருள்களை ஏறக்குறைய யாரிடமிருந்தும் வாங்கலாம். வெற்றிலையும் அந்த வரிசையில் நின்றதால்தான், மதமும் நாடும் வேறான அயலாருக்கும் அதைத் தயக்கமின்றிக் கொடுக்க முடிந்தது. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் நாடு வரை வந்த இபின் பதூதா, நண்பர் வீட்டில் ஐந்து வெற்றிலை கிடைத்தால் உலகையே பெற்றதுபோல் மக்கள் கருதியதை எழுதியிருக்கிறார். 1443இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்குக்கு இரண்டாம் தேவராயரின் அவையில் வெற்றிலையும் கர்ப்பூரமும் வழங்கப்பட்டன. ஒரே பந்தியில் உட்காரத் தேவையில்லாமலே ஒருவரை ஒருவர் மதித்துக்கொள்ள இந்த இலை உதவியது.

தேவையால் பிறந்தது என்பதால் இதில் நயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தீ இல்லாமல் சுவை கூட்டுவது கடினமான கலை. வடைபருப்புக்குப் பாசிப்பருப்பைத் தேர்ந்தவர்களின் அறிவை எண்ணிப் பாருங்கள்: ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஊறினாலே பல்லுக்கு இதமாகிவிடும் பருப்பு அது, துவரம்பருப்பை அப்படி வெறுமனே மெல்ல முடியாது. மாங்காய் புளிப்பைத் தருகிறது, தேங்காய் கொழுப்பைத் தருகிறது. வெள்ளரி சேர்ப்பதானால் உப்பைக் கடைசியில் போடவேண்டும், இல்லையென்றால் நீர் விட்டுப் பருப்பு நனைந்து சோர்ந்துவிடும். போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் வருவதற்கு முன் இந்தக் கலவையில் காரம் வேண்டியவர்கள் மிளகையோ இஞ்சியையோதான் நாடியிருக்க முடியும். பானகத்தில் வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை எல்லாமே இந்நிலத்தில் நெடுநாள் வழங்கியவை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்வதில்லை; நாள்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பங்கிட முடிவதற்கும் அதுவே காரணம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

வெல்லம் கொதித்த பாகுதானே, மோரும் காய்ச்சிய பாலில் வந்ததுதானே, அவலும் தீயைப் பார்த்ததுதானே, பிறகு எப்படி அடுப்பில்லா உணவு என்று ஒரு தடை எழும். உண்மைதான். ஆனால் அந்தத் தீ கரும்பாலையிலும் ஆயர் வீட்டிலும் அவல் இடிக்கும் கொட்டகையிலும் முன்பே எரிந்து அணைந்துவிட்டது. விருந்தளிப்பவரின் அடுப்பு, அவருடைய குலத்தின் அடையாளத்தைச் சுமந்த அடுப்பு, அதில் சம்பந்தப்படவில்லை. பந்தியிலிருந்து இந்தப் பண்டங்களைப் பிரித்துக் காட்டும் கோடு அங்கேதான் விழுகிறது.

இரண்டாவது தடைதான் கனமானது. இந்த மரபை நான் சமத்துவத்தின் சின்னமாகக் காட்டுகிறேனா? இல்லை, காட்டவும் கூடாது. தீ இல்லாத தண்ணீரே எல்லாவற்றையும்விடக் கொடிய வேலியாக இருந்தது; 1927இல் மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரைத் தொட்டுக் குடிப்பதற்கே ஒரு போராட்டம் நடத்தவேண்டி வந்தது. தமிழகத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பல ஊர்களில் தொடர்ந்தது. எனவே வேகாத பண்டம் என்பது மட்டும் போதவில்லை; பாத்திரமும் பொதுவாக இல்லாமலிருக்க வேண்டியிருந்தது. இலை, தொன்னை, விரித்த உள்ளங்கை ஆகியவற்றில் வாங்கக்கூடியவை எல்லை தாண்டின. திருப்பிக் கொடுக்கவேண்டிய குவளையில் வருபவை எல்லையில் நின்றன. குவித்த கையில் உயரத்திலிருந்து நீர் வார்க்கும் வழக்கம் வழிப்போக்கருக்கு வசதியாகவும், ஒடுக்கப்பட்டவருக்கு அவமானமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. இதை மறைத்துவிட்டுப் பந்தலைப் புகழ்வது நேர்மையாகாது. என் கூற்று குறுகலானது: வேலியை இம்மரபு உடைக்கவில்லை, ஆனால் பந்தியை விடப் பல மடங்கு அகலமான வட்டத்தை அது வரைந்தது. 1925இல் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் வெடித்த பூசல் எதைப் பற்றியது? பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி வைத்ததைப் பற்றி. கூடி உண்பது குறித்து இத்தனை பூசல் கண்ட நாட்டில், கல்யாண வாசலில் நீட்டும் சந்தனத் தட்டு அப்படியொரு போர்க்களமாக ஆனதில்லை.

இந்த மரபு பின்வாங்கியதற்குக் காப்பி ஒரு பெரும் காரணம் என்பேன். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூல் காட்டுவதுபோல், அந்தப் பானம் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமாகவே ஆயிற்று. வீட்டுக்கு வந்தவருக்கு மோர் கொடுப்பது பட்டிக்காட்டு வழக்கம் போலத் தோன்றத் தொடங்கியது. காப்பிக்கு அடுப்பு வேண்டும், டபராவும் டம்ளரும் வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவரின் அரைமணி நேரத்துக்குள் சமையலறையும் பாத்திரமும் அவற்றின் விதிகளோடு நுழைந்தன. வேகாத பண்டங்கள் திருவிழாவுக்கும் ராமநவமிக்கும் ஒதுங்கின. இன்று கோடையில் எல்லாக் கட்சிகளும் மன்றங்களும் நீர்மோர்ப் பந்தல் திறக்கின்றன. குடித்ததும் எறியும் குவளை வந்த பிறகு, பாத்திரத்தைப் பற்றிய பழைய வேலி அங்கே வெகுவாகத் தளர்ந்திருக்கிறது. அந்தப் பந்தல்களில் மோரும் தர்பூசணியும் கிடைக்கின்றன. வடைபருப்பு மட்டும் பெரும்பாலும் பூசையறையோடு நின்றுவிட்டது. அதை ஒரு தொன்னையில் வைத்து மீண்டும் தெருவுக்குக் கொண்டுவரச் சமையல்காரரோ அடுப்போ வேண்டாம்; காலையில் பருப்பை ஊறவைக்க ஒருவர் முன்வந்தால் போதும்.