பழைய சின்னக் காருக்குக் குறைந்த செலவில் ஸ்பீக்கர்: வாட் கணக்கில் ஏமாறாமல் தெரிவது எப்படி?

சம்பூர் மக்கள் 2006 ஏப்ரல் குண்டுவீச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். அந்த வருடம் செப்ரெம்பர் 4ஆம் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதன் பின்னர் முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட காணியும் கடற்படை முகாமும் குறுக்கே நின்றன. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று முகாம்களில் பல குடும்பங்கள் ஒன்பது வருடங்களைக் கழித்தன. 2015 ஓகஸ்டில் ஒரு பகுதிக் காணியும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியில் பெரும்பகுதியும் விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் வீட்டையும் தொழிலையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இப்படித் தொடங்கியவர்களுக்குப் பழைய கார் என்பது பொழுதுபோக்கு அல்ல. கைக்கு எட்டிய விலையில் கிடைத்த வாகனம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. ஆகவே ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரினையோ வைத்திருப்பவர், அதில் ஒரு பாட்டுச் செற் பூட்ட ஆசைப்பட்டால், அந்தச் செலவு காருக்குக் கேடாக முடியக்கூடாது. பிழையான ஸ்பீக்கர் வாங்கினால் போவது சில ஆயிரம் ரூபாய். பிழையாகப் பூட்டினால் செற் எரியலாம், வயர் தீப்பிடிக்கலாம், திரும்பக் கிடைக்காத தகட்டில் ஓட்டை விழலாம்.

இந்தக் கட்டுரை மொறிஸ் மைனரை உதாரணமாக வைத்து எழுதப்படுகிறது. 1948இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை தயாரான இந்தக் கார் இலங்கையில் இன்றும் ஓடுகிறது. ஒஸ்ரின் ஏ40, மினி போன்ற அதே காலத்துப் பிரித்தானியக் கார்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வாட் அல்ல

கடையில் முதலில் காட்டப்படுவது பெட்டியில் அச்சடித்த எண்தான்: 300 வாட், 500 வாட், 1000 வாட். அது பெரும்பாலும் கண நேர உச்ச அளவு. விடாமல் தாங்கக்கூடிய அளவை ‘ஆர்.எம்.எஸ்’ என்ற பெயரில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான்.

செற்றின் கணக்கும் அப்படித்தான். ‘50 வாட், நாலு ஸ்பீக்கர்’ என்று எழுதியிருந்தாலும், காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் அளவுதான். அந்த மின்னழுத்தத்தில், வெளி அம்பிளிபயர் இல்லாத சாதாரண செற் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் 25 வாட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. நடைமுறையில் 15 முதல் 20 வாட் வரும். இந்தச் செற்றோடு 500 வாட் ஸ்பீக்கரைப் பூட்டினால் சத்தம் கூடாது. கனமான கூம்பை ஆட்டப் பலம் போதாமல் குறையவும் கூடும்.

கேட்க வேண்டியது ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது டெசிபலில் சொல்கிறது. 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர் அதே சத்தத்தைப் பாதி மின்சாரத்தில் தரும். 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் சத்தத்தை 93 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டில் தந்துவிடும்.

இது எங்களுக்குப் புதிய பாடம் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. சாதாரண சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். வானொலியின் சின்ன ஸ்பீக்கருக்குப் போனது அதில் ஒரு பங்குதான். ஆனாலும் சுற்றியிருந்த பத்துப் பேருக்கும் செய்தி கேட்டது. காரணம், அந்த மெல்லிய காகிதக் கூம்பின் உணர்திறன்.

குறைந்த செலவில் வாங்குபவர் 90 டெசிபலுக்குக் குறையாததைத் தேட வேண்டும். பெட்டியில் உணர்திறன் எழுதப்படாமல் வாட் மட்டும் பெரிதாக இருந்தால், அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

காரின் மின்சாரம் எவ்வளவு?

மைனர் போன்ற கார்களில் இருப்பது டைனமோ. லூக்காஸ் சி40 வகை டைனமோ உச்சமாகத் தருவது 22 அம்பியர். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. இரவில் இரண்டு ஹெட்லைற்றுக்கு மட்டும் 7 முதல் 8 அம்பியர் போகும். இக்னிஷன், பின் விளக்குகள், மழையென்றால் வைப்பர் எல்லாவற்றையும் சேர்த்தால் 14 அம்பியரைத் தொடும். மீதியில்தான் பற்றரியும் ஏற வேண்டும், பாட்டும் பாட வேண்டும்.

அளவான சத்தத்தில் ஓடும் செற் இரண்டு, மூன்று அம்பியரோடு நிற்கும். அதை இந்தக் கார் தாங்கும். தனி அம்பிளிபயரும் சப்வூபரும் பூட்டினால் மூதூரிலிருந்து இரவில் வரும்போது விளக்கு மங்கும். காலையில் கார் ஸ்ராட் ஆகாது. டைனமோ உள்ள காருக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும்.

செற் வாங்கமுன் பார்க்க வேண்டியது: பொசிற்றிவ் ஏர்த்

இதைக் கவனிக்காமல் விட்டால் புதுச் செற் பூட்டிய நிமிடமே எரிந்துவிடும். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய செற்றுகள் எல்லாம் நெகற்றிவ் பொடியில் இருக்கும் காருக்குச் செய்யப்பட்டவை.

பொனற்றைத் திறந்து, பற்றரியின் எந்த முனையிலிருந்து வயர் பொடிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டல் குறி உள்ள முனையிலிருந்து போனால், செற்றை நேராகப் பூட்டக்கூடாது. வழி இரண்டு.

ஒன்று, காரை நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றுவது. பற்றரியைத் திருப்பி இணைத்து, இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவின் ‘எஃப்’ முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பொசிற்றிவிலிருந்து வரும் வயரால் அந்த முனையை ஓரிரு நொடி தொட்டு, டைனமோவின் காந்தத் திசையை மாற்ற வேண்டும். மின் பெற்றோல் பம்ப், அம்பியர் மீற்றர் இருந்தால் அவற்றையும் பார்க்க வேண்டும். பழைய கார் தெரிந்த மின் வேலைக்காரரிடம் இதைக் கொடுப்பது நல்லது.

மற்றது, காரின் மின்சாரத்தைத் தொடாமல், தனிச் சின்னப் பற்றரியில் ஓடும் புளூடூத் அம்பிளிபயர் ஒன்றை மரப்பெட்டியில் வைத்து இரண்டு ஸ்பீக்கரை ஓட்டுவது. அந்தப் பற்றரியை வீட்டில் சார்ஜ் பண்ணலாம். காரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அளவும் பொருளும்

பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்க 5¼ அங்குலம் அல்லது 6½ அங்குல ஸ்பீக்கர் போதும். நடுவில் சின்ன ட்வீற்றர் சேர்ந்து வரும் இரு வழி ஸ்பீக்கரே மலிவிலும் நல்ல தெரிவு. மூன்று வழி, நாலு வழி என்று எழுதி ஒட்டிய மலிவு ஸ்பீக்கர்களில் மேலதிக துண்டுகள் பெரும்பாலும் அலங்காரம். 4 அங்குலம் பேச்சுக்குப் போதும், தாளச் சத்தம் குறையும்.

கொட்டியாரக் குடாவை ஒட்டிய ஊரில் உப்புக்காற்றும் வெயிலும் ஸ்பீக்கருக்கு எதிரி. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு றப்பராகவோ துணியாகவோ இருக்க வேண்டும். ஸ்பொஞ்ச் விளிம்பு சில வருடங்களில் உதிர்ந்துவிடும். பொலிப்புறொப்பிலின் கூம்பு ஈரத்தைத் தாங்கும். காகிதக் கூம்பு இலேசானது, உணர்திறன் கூடியது. ஆனால் மேலே பூச்சு இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் படாத இடத்தில் பூட்ட வேண்டும்.

பணம் மிகக் குறைவாக இருந்தால், ஜப்பான் வாகனங்களிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்களைத் தேடலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையிலும், பழைய உதிரிப்பாகம் விற்கும் மற்றக் கடைகளிலும் இவை கிடைக்கும். சின்னச் செற்றுக்கென்றே செய்யப்பட்ட இலேசான கூம்புகள் இவை. ‘1000 வாட்’ ஒட்டிய புதுப் பெட்டியைவிட இவை பல தடவை நன்றாகப் பாடும்.

கடையில் கையோடு சோதிக்க

ஒரு 1.5 வோல்ட் பற்றரி, இரண்டு துண்டு வயர், முடிந்தால் ஒரு மீற்றர் போதும்.

1. கூம்பை இரு பக்கமும் விரல்களால் சமமாக, மெதுவாக அமர்த்த வேண்டும். ‘கர்’ என்று உரசினால் உள்ளே சுருள் கெட்டிருக்கிறது.

2. பற்றரியின் கூட்டலை ஸ்பீக்கரின் கூட்டலிலும், கழித்தலைக் கழித்தலிலும் கணநேரம் தொட்டால், ‘டக்’ என்று கூம்பு முன்னால் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

3. மீற்றரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3க்கும் 4க்கும் இடையில் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது.

4. கையில் எடுத்துப் பாரத்தைப் பார்க்க வேண்டும். பெரிய மூடிக்குள் சின்னக் காந்தத்தை ஒளித்திருந்தால் பாரம் காட்டிக்கொடுக்கும்.

5. ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து வர வேண்டும். பழைய காரில் கதவுக்குள் கண்ணாடி இறங்கும் இடம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எங்கே பூட்டுவது?

காரின் தகட்டையும் டாஷ்போட்டையும் வெட்டக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரைப் பிறகு மாற்றலாம், வெட்டிய தகட்டை மாற்ற முடியாது. வெட்டிய விளிம்பில்தான் துருவும் தொடங்கும்.

மைனரில் டாஷ்போட்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டு ஒன்று உண்டு. அதன் இரு முனைகளிலும், தட்டின் அளவுக்கு வெட்டிய பிளைவூட் பலகையில் ஸ்பீக்கரைப் பூட்டி, முகத்தை நோக்கிச் சற்று மேலே சரித்து வைக்கலாம். பலகைக்கும் தட்டுக்கும் இடையில் வெளி விடக்கூடாது. ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் முன்பக்கச் சத்தத்தோடு கலந்தால் தாளம் அழிந்துவிடும். பலகையை அசையாமல் இறுக்கி, பின்பக்கத்தை மூடிய சின்னப் பெட்டியாகச் செய்தால் மலிவு ஸ்பீக்கரும் நிறைந்து ஒலிக்கும். பின் கண்ணாடிக்குக் கீழே பெட்டியைச் சும்மா தூக்கி வைக்கக்கூடாது. சடுதியாக பிரேக் பிடித்தால் அது தலையில் வந்து விழும்.

வயரும் பியூசும்

பழைய வானொலிகளில் ஒரு வயரை ஸ்பீக்கருக்கும் மற்றதைப் பொடிக்கும் கொடுத்தார்கள். இன்றைய செற்றுக்கு அது ஆகாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரும் செற்றிலிருந்தே போக வேண்டும். எதையும் பொடியில் தொடக்கூடாது. ஒரே வெளியீட்டில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் தடை 2 ஓமுக்கு இறங்கி செற் சூடாகி எரியும். ஒரு ஸ்பீக்கரின் கூட்டல், கழித்தல் மாறினால் எதுவும் எரியாது, ஆனால் தாளம் காணாமல் போகும்.

காரின் பழைய பியூஸ் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 35 அம்பியர் பியூஸ். மெல்லிய வயரை அது காப்பாற்றாது. பியூஸ் அறமுன் வயர் எரிந்துவிடும். செற்றுக்குத் தனி வயர் இழுத்து, பற்றரிக்குக் கிட்டவே செற்றில் குறித்த அளவு பியூசைப் போட வேண்டும். அது பெரும்பாலும் 10 அம்பியர். தகட்டு ஓட்டைக்குள்ளால் வயர் போகும் இடத்தில் றப்பர் வளையம் போட வேண்டும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார் என்றால் செற்றின் நினைவக வயரிலும் ஒரு சுவிற்ச் இருந்தால் பற்றரி இறங்காது.

காதுக்காகத் தெரிவு செய்வது

ஷெல்லும் கிபிரும் கேட்டு வாழ்ந்தவர்கள் பலருக்குக் காதில் இரைச்சல் உண்டு. வெடியால் கெட்ட காதில் முதலில் போவது பெரும்பாலும் மேல் ஒலிகள். அதனால் ஆள் கதைப்பது கேட்கும், என்ன சொல்கிறார் என்பது பிடிபடாது. அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டுவது மருந்தல்ல. கூட்டிய சத்தம் நோவைத்தான் தரும். செய்தியும் பாட்டின் சொல்லும் புரிய, ட்வீற்றர் காதைப் பார்த்து இருக்க வேண்டும், சத்தம் அளவாக இருக்க வேண்டும். கதவின் அடியில் பூட்டிய ஸ்பீக்கரின் மேல் ஒலியைக் காலும் சீற்றும் மறைத்துவிடும். செற்றில் ‘பாஸ்’ஸைக் குறைத்து ‘ட்ரெபிள்’ஐச் சற்றுக் கூட்டினால் சொல் தெளியும்.

வாங்க வரும்போது அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவந்து, பாட்டை அல்ல, ஒரு செய்தி வாசிப்பைப் போட்டுக் கேட்கச் சொல்லலாம். குறைந்த சத்தத்தில் எந்த ஸ்பீக்கரில் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு விளங்குகிறதோ, அதையே வாங்கலாம்.

காசைப் பிரிக்கும் விதம்

கையில் உள்ள தொகையில் பாதியை இரண்டு ஸ்பீக்கருக்கு வைக்கலாம். மற்றப் பாதியில் சாதாரண புளூடூத் செற், நல்ல வயர், பியூஸ், பலகை எல்லாம் அடங்க வேண்டும். காசு போதாவிட்டால் செற்றைக் குறைக்கலாம், பியூசைக் குறைக்கக்கூடாது. நாலு மலிவு ஸ்பீக்கரைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் மேல். நாளைக்குக் காரை விற்க நேர்ந்தாலும், தகடு வெட்டாத காருக்கு அதன் விலை கிடைக்கும். ஸ்பீக்கரைக் கழற்றி அடுத்த காரில் பூட்டிக்கொள்ளலாம்.