கடல்நீரின் காரம் குறைந்த கதை

கடல்நீர் உவர்ப்பானது என்பதை எல்லோரும் அறிவர். அது சிறிது காரத்தன்மையும் உடையது என்பதும், அக்காரம் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது என்பதும் நாவுக்கும் கண்ணுக்கும் புலப்படுவன அல்ல. புலன்களுக்கு எட்டாத அம்மாற்றத்தை மனிதன் அளந்தறிந்த வரலாறு கடலோர மக்களின் பிழைப்போடு தொடர்புடையது.

மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் அது செந்நிறம் பெறும்; எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி எடுக்கும் தமிழர் வீடுகளில் பழகிப்போன இக்காட்சி, காரத்தையும் அமிலத்தையும் பிரித்துக் காட்டும் சோதனையே ஆகும். இங்கிலாந்தில் இராபர்ட் பாயில், 1664இல் வெளியிட்ட நூலில், ஊதாப்பூச் சாற்றைக் கொண்டு இத்தகைய சோதனையை விளக்கினார். ஆயினும், நிறம் தன்மையைக் காட்டுமேயன்றி நுட்பமான அளவைக் காட்டாது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் சோரன்சன் 1909இல் வகுத்த பி.எச். அளவே அக்குறையைப் போக்கியது. அதில் 7 நடுநிலை. அதற்கு மேற்பட்டது காரம், கீழ்ப்பட்டது அமிலம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியது என்பது பொருள்.

தொழிற்புரட்சிக்கு முன்னர்க் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 8.2 என்னும் அளவில் இருந்தது. இன்று ஏறத்தாழ 8.1. கடல் அமிலமாகிவிடவில்லை, அதன் காரமே குறைந்துள்ளது. எனினும், இச்சிறு இறக்கம் அமிலத்தன்மையில் கால் பங்குக்கும் மேற்பட்ட உயர்வைக் குறிக்கும். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் உட்கொள்கிறது. அது நீரோடு கூடிக் கார்பானிக் அமிலமாகி, சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைக்கிறது.

இவ்வுண்மையை நிலைநாட்டியவை தொடர்ச்சியான பதிவுகளே. சார்லஸ் கீலிங் என்பார் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அத்தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் 1988 முதல் நீரும் முறையாக ஆராயப்பட்டது. காற்றில் அவ்வாயு ஏற ஏற, கடலின் பி.எச். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.02 வீதம் இறங்குவதை அப்பதிவுகள் காட்டின. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் இதனைக் கண்காணிப்பதும் இடம்பெற்றது.

ஆழ்கடலில் எளிதாகத் தெரியும் இவ்விறக்கம் கரையோரத்தில் எளிதில் தெரியாது. சுங்கை பாக்காப் வட்டாரத்தை ஒட்டிய புக்கிட் தம்புன், பத்து காவான் கரைகள் சேறும் கண்டலும் நிறைந்தவை. ஆறுகள் கொணரும் உரச்சத்தால் பாசி பெருகி, பின் அழுகும்போது அங்கும் கரியமில வாயு பிறக்கிறது. பகலுக்கும் இரவுக்கும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அளவு மாறும். ஒருநாள் எடுத்த ஒரு குவளை நீர் எதையும் மெய்ப்பிக்காது. பள்ளியிலுள்ள லிட்மசுத் தாளும் இதற்குப் போதாது. குறித்த இடத்தில், சரிபார்த்த கருவியால், ஓதத்தின் நிலையையும் குறித்துக்கொண்டு, பல்லாண்டு அளத்தல் வேண்டும்.

தென் செபராங் பிறையில் கரும்பு போய் ரப்பர் வந்ததும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஏடுகளில் உள்ளன. தோட்ட அலுவலகங்களில் மழையளவுகூட நாள்தோறும் எழுதப்பட்டது. கடலுக்கும் அத்தகைய ஏடு தேவை. 1970ஆம் ஆண்டுகளில் ஜூரு ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது மீனவர் அதனைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்தனர். காரம் குறைவதை அவ்வாறு அறிய இயலாது. நாளை கெராங் விளைச்சல் குன்றுமாயின், காரணம் கழிவா, வண்டலா, கடலின் மாற்றமா என்பதைப் பழைய அளவுகளே தீர்ப்புச் சொல்லும்.

பினாங்குத் தீவின் முக்கா ஹெட்டில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையத்தில், காற்றுக்கும் கடலுக்கும் இடையே நடக்கும் கரியமில வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் பணி 2015இல் தொடங்கியது. ஹவாயின் ஏட்டுக்குப் பயன் தந்தது அதன் நீளமே. இக்கரையின் ஏடும் இடையறாது நீண்டால்தான், மாற்றத்தின் காரணம் கேட்கும் மீனவனுக்கு விடை கிடைக்கும்.