காடு வெட்டு, குளம் வெட்டு

மதுரை விளாங்குடிப் பக்கம் மனை வாங்கிப் போட்டவரிடம் வீடு எப்போது என்று கேட்டால், "மொதல்ல காட்டை வெட்டணும்ங்க" என்பார். அவர் சொல்லும் காடு ஐந்து சென்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆளுயரம் தாண்டிய சீமைக்கருவேலம், அதன் காலடியில் எருக்கும் நாயுருவியும், மேலே படர்ந்த கோவைக்கொடி. புதர் என்றே சொல்லிவிடலாம். ஆனால் மதுரைக்காரர் வாயில் காடு என்றுதான் வரும். அதோடு 'வெட்டு' என்ற வினையும் ஒட்டிக்கொண்டே வரும்.

காடு என்றால் மரம் அடர்ந்த இடம் மட்டும்தான் என்று நினைப்பது பட்டணத்துப் பழக்கம். மதுரை மாவட்டத்து மானாவாரி விவசாயி "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் சோளமோ கடலையோ போட்டிருக்கும் புஞ்சைக்குப் போகிறார் என்று பொருள். வருவாய்த்துறைத் தமிழில் புன்செய்ப் பகுதிக்குக் 'காடாரம்பம்' என்றே பெயர் இருந்தது. காட்டைத் திருத்தி வயலாக்கிய பிறகும் பழைய பெயர் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

காடு வெட்டும் இந்தத் தொழிலே ஒரு பட்டப்பெயராகவும் ஆனது. மண்ணை வெட்டுவது மண்வெட்டி (நம் ஊரில் மம்பட்டி); காட்டை வெட்டியவன் காடுவெட்டி. பல்லவ அரசர்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. அரியலூர் மாவட்டத்தில் அதே பெயரில் ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. சும்மா செய்யும் வேலையை 'வெட்டி வேலை' என்கிறோமே, அந்த வெட்டி வேறு. அது கூலியில்லாமல் வாங்கிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'விஷ்டி' என்ற வடசொல்லிலிருந்து வந்தது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் காடுவெட்டிய சோழன் ஒருவன் வருகிறான். காஞ்சிப் பக்கத்துக் காட்டை வெட்டியதால் வந்த பெயர். மதுரைச் சொக்கநாதரைக் காண ஏங்கி, பாண்டியனுக்குத் தெரியாமல் இரவில் வையையின் வடகரைக்கு வந்து, வெள்ளத்தைப் பார்த்து நிற்கிறான். இறைவனே வெள்ளத்தை வற்றச் செய்து, வடக்கு வாசலைத் திறந்து உள்ளே அழைத்துப் போகிறார். பிறகு கதவைச் சாத்தி, பாண்டியனின் மீன் முத்திரை இருந்த இடத்தில் இடப முத்திரை வைக்கிறார். விளாங்குடியும் அந்த வடகரையில்தான் இருக்கிறது.

அதே புராணத்தில் மதுரையும் காடு வெட்டி எழுந்த ஊர்தான். மணவூர் வணிகன் தனஞ்சயன் கடம்பவனத்தில் இரவு தங்க நேர்ந்து, அங்கே தேவர்கள் வழிபடுவதைப் பார்க்கிறான். அவன் சொல்லக் கேட்ட குலசேகர பாண்டியன் காட்டைத் திருத்தி நகரம் அமைக்கிறான். இது வரலாறல்ல, புராணம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடம்பவனம் போனது, பொற்றாமரைக் குளம் இருந்தபடியே இருந்தது. கோயிலும் நகரமும் அதைச் சுற்றித்தான் எழுந்தன.

'வெட்டு' என்ற வினையின் முழுப் பொருள் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது. தமிழில் மரத்தையும் வெட்டுவோம், குளத்தையும் வெட்டுவோம், கிணறும் வாய்க்காலும் வெட்டுவோம். ஒரு வேலையின் முன்பாதி காடு வெட்டுவது, பின்பாதி குளம் வெட்டுவது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் புகழும்போது காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். காட்டை மட்டும் அழித்தவனுக்கு அந்தப் புகழ் கிடைத்திருக்காது.

விளாமரம் நின்ற குடியிருப்பு விளாங்குடி. தெற்கே திருப்பரங்குன்றத்துப் பக்கம் இருக்கும் விளாச்சேரிக்கும் அதே மரம்தான் பெயர் தந்திருக்க வேண்டும். அந்த விளாமரத்தை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். 2011இல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது விளாங்குடிப் பேரூராட்சியும் அதில் சேர்ந்தது. திண்டுக்கல் சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாகிவிட்டன. விற்காமல் கிடக்கும் மனையில் முதலில் குடியேறுவது சீமைக்கருவேலம்.

வெள்ளைக்காரர் காலத்தில் வந்த இந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவே போட்டது. அரிவாளால் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு கிளையாக வெடித்து எழும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் "தூரோட பிடுங்கு" என்கிறார்கள். ஜேசிபிக்காரர் வாளியின் பல்லை வேருக்கு அடியில் கொடுத்து நெம்புகிறார். கரிய ஆணிவேர் முறுக்கிக்கொண்டு மேலே வருகிறது, கூடவே ஒரு வண்டி மண்ணும். இந்த மரத்தை வேரோடு எடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் அடுத்த வேலையில்தான். தூர் எடுத்த பள்ளத்தில் கிராவல் அடிக்கிறார்கள், சாலைமட்டத்துக்கு மேல் ஏற்றுகிறார்கள். மனையோரம் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்த வாய்க்காலும் சேர்ந்து மூடிப்போகிறது. மரத்தின் அடிக்கும் தூர் என்றுதான் பெயர், குளத்தை மேடாக்கும் மண்ணுக்கும் தூர் என்றுதான் பெயர். மரத்தின் தூரை எடுத்த கையாலேயே வாய்க்காலைத் தூர்க்கிறோம். ஐப்பசியில் மழை பிடித்ததும் மூடிய வாய்க்காலின் தண்ணீர் தெருவுக்கு வருகிறது, பிறகு வாசலுக்கு வருகிறது. மனைக்காரர் கார்ப்பரேஷனைத் திட்டுகிறார்.

மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபிக்குச் சொல்லிவிடும் முன், வருவாய்த்துறையின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (நில வகைப் பதிவேடு) ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வாய்க்கால் என்று குறித்திருந்தால் அந்தக் கோட்டின் மேல் மண் கொட்டாதீர்கள். தூர்ந்து கிடந்தால், ஜேசிபி வந்த கையோடு அதையும் வெட்டிவிடச் சொல்லுங்கள்.