வீட்டு மணத்தக்காளியில் அசுவினி: பூச்சிக்கொல்லி இல்லாமல் கட்டுப்படுத்தும் முறை

சேலம், நாமக்கல் பகுதி வீடுகளில் கிணற்றடியிலும் புழக்கடையிலும் தவறாமல் இருக்கும் செடி மணத்தக்காளி. நம்மூர் வழக்கில் சுக்குட்டிக் கீரை. கீரையைக் கடைந்து சாப்பிடுகிறோம், காயை வற்றல் போடுகிறோம், பழத்தைப் பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். மழை ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகை முதல் மாசி வரை இந்தச் செடியின் கொழுந்தில் அசுவினி அதிகமாக வரும். அப்போது பருத்திக்கோ மரவள்ளிக்கோ வாங்கி மீந்த மருந்தில் ஒரு மூடி கலந்து அடித்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அதற்கான காரணத்தையும், அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதையும் வரிசையாகப் பார்ப்போம்.

அசுவினியை அடையாளம் காணுங்கள்

கொழுந்து இலை கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் திருப்பிப் பாருங்கள். கடுகை விடச் சிறிய, மென்மையான பூச்சிகள் பச்சை, மஞ்சள் அல்லது கருப்பு நிறத்தில் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். வெள்ளை மாவு பூசியது போல இருந்தால் அது மாவுப்பூச்சி.

அசுவினி ஊசி போன்ற வாயால் செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. இலை பிசுபிசுப்பதற்கும், அதன் மேல் கரிப்பூசணம் படர்வதற்கும் இந்தக் கழிவே காரணம். நம் சமவெளியில் பெண் அசுவினி ஆண் துணையில்லாமல் நேரடியாகக் குஞ்சு ஈனும். அந்தக் குஞ்சு ஒரு வாரத்தை ஒட்டி வளர்ந்து தானும் ஈனத் தொடங்கும். நான்கைந்து பூச்சிகள் இருக்கும்போதே கவனித்தால் வேலை சுலபம். கூட்டம் நெருக்கமானதும் இறக்கை முளைத்த அசுவினிகள் தோன்றி அடுத்த செடிக்குப் பறந்துவிடும்.

பக்கத்தில் பப்பாளி, மிளகாய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பப்பாளி வளையப்புள்ளி நோய், மிளகாய்த் தேமல் நோய் ஆகியவற்றின் வைரசை அசுவினிதான் செடிக்குச் செடி கடத்துகிறது. இந்த நோய்களுக்கு மருந்து கிடையாது. தேமல் கண்ட செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி.

ஏன் மருந்து கூடாது?

முதல் காரணம் உங்கள் வீட்டுச் சாப்பாடு. இமிடாகுளோபிரிட், டைமெத்தோயேட் போன்றவை செடிக்குள் ஊடுருவிச் சாற்றோடு பரவும் மருந்துகள். இலைக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது. மருந்து டப்பாவில் எழுதியிருக்கும் காத்திருப்புக் காலம் அதில் குறிப்பிட்ட பயிருக்கு மட்டுமே. பருத்திக்குச் சொன்ன கணக்கு, நாளை காலை கிள்ளிக் கடையப்போகும் கீரைக்குப் பொருந்தாது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த நம் நாட்டில் தடையே இருக்கிறது.

இரண்டாவது காரணம் நன்மை செய்யும் பூச்சிகள். அசுவினி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்னும் பூச்சிகளும் தேடி வரும். விஷ மருந்து இரண்டையும் கொல்லும். ஆனால் அசுவினி ஒரு வாரத்தில் மீண்டும் பெருகிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு திரும்பி வந்து முட்டையிட்டுப் புழுவாக வளர அதைவிட நாளாகும். அதனால்தான் மருந்து அடித்த செடியில் பத்துப் பதினைந்து நாளில் அசுவினி முன்னைவிட அதிகமாக வருகிறது.

இதன் அருமை நம் மரவள்ளி விவசாயிகளுக்குத் தெரியும். 2020-ல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவி நுனிக் குருத்தைக் கட்டிப்போட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தது. 2022 மார்ச் மாதம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. ஆப்பிரிக்காவில் இதே குளவி 1980-களில் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்தக் குளவி அசுவினியைத் தொடாது, மாவுப்பூச்சியை மட்டுமே தாக்கும். ஆனால் கொசுவை விடச் சிறிய அந்தக் குளவிக்குப் புழக்கடை, வயல் என்ற வேறுபாடு தெரியாது. வீட்டுச் செடியில் அடிக்கும் விஷம் பக்கத்து மரவள்ளியைக் காக்க வந்த குளவியையும் கொல்லும்.

பாதுகாக்க வேண்டிய பூச்சிகள்

• பொறிவண்டு: சிவப்பு அல்லது மஞ்சள் முதுகில் கருப்புக் கோடோ புள்ளியோ இருக்கும். இதன் புழு குட்டி முதலை போல, கருப்பாக நீண்டிருக்கும். பலர் இதைக் கெட்ட பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். அசுவினியை அதிகம் தின்பதே இந்தப் புழுதான்.
• கண்ணாடி இறக்கைப் பூச்சி: இலையில் மெல்லிய காம்பின் நுனியில் ஒற்றை முட்டையாக நிற்கும். பூசணம் என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.
• சிர்ஃபிட் ஈயின் புழு: காலில்லாமல், பச்சை கலந்த நிறத்தில் அசுவினிக் கூட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும்.
• உப்பிய அசுவினி: பழுப்பு நிறத்தில் உப்பி, அசையாமல் இலையில் ஒட்டியிருந்தால் அதன் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அந்த இலையைப் பறிக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. வாரம் இருமுறை பத்துக் கொழுந்துகளைத் திருப்பிப் பாருங்கள். மேலே சொன்ன நன்மை செய்யும் பூச்சிகள் பாதிக் கொழுந்துகளில் தென்பட்டால் நான்கைந்து நாள் பொறுங்கள். அவை வேலையை முடித்துவிடும்.

2. அசுவினி மொய்த்து, நன்மை செய்யும் பூச்சி எதுவும் இல்லாத கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மணத்தக்காளியை நுனி கிள்ளினால் பக்கக் கிளை நன்றாக வெடிக்கும், கீரையும் கூடும்.

3. காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்த அசுவினிகளில் பெரும்பாலானவை திரும்ப ஏற மாட்டா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை செய்தால் போதும்.

4. எறும்பை ஏறவிடாதீர்கள். தேன் கழிவுக்காக எறும்பு அசுவினியைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். சுவரையும் வேலியையும் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். தொட்டியில் வளர்த்தால், தண்ணீர் ஊற்றிய தட்டில் செங்கல் வைத்து அதன் மேல் தொட்டியை வையுங்கள். கொசு வராமல் இருக்கத் தட்டின் தண்ணீரை நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பப்பாளித் தண்டில் துணிப் பட்டை சுற்றி, அந்தத் துணி மேல் கிரீஸ் தடவலாம்.

5. இத்தனைக்கும் அடங்காவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். கால் கிலோ வேப்பம் பருப்பை ஒன்றிரண்டாக இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, 5 லிட்டராகத் தண்ணீர் சேருங்கள். 5 கிராம் காதி சோப்பைக் கரைத்துக் கலந்து, அன்று மாலையே இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்த பிறகு மற்றக் கிளைகளுக்குத் தெளியுங்கள். பொறிவண்டுப் புழு உள்ள கிளையை விட்டுவிடுங்கள்.

தெளிப்பதற்கு முன்பே கீரையையும் பழத்தையும் பறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பறிப்புக்கு ஐந்து நாளாவது இடைவெளி விட்டு, பறித்ததை நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள். தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம்.

கோழி எருவில் கவனம்

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழி எரு சுலபமாகக் கிடைக்கிறது. தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம் என்றால், கோழி எருவில் அது மூன்று சதவீதத்தை ஒட்டி இருக்கும். மட்காத கோழி எருவை அள்ளிப் போட்டால் செடி கருகருவென்று சாறு நிறைந்த கொழுந்தாக விடும். அசுவினிக்கு அதுதான் விருந்து. நன்றாக மட்கிய எருவை, ஒரு செடிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் இடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம்.

தோட்டத்தின் ஓரத்தில் நான்கைந்து தட்டைப்பயறுச் செடி இருக்கட்டும். அதில் வரும் கருப்பு அசுவினி பயறு வகைச் செடிகளையே அதிகம் நாடும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு உங்கள் தோட்டத்திலேயே தங்கிவிடும். அவரைப் பந்தல் இருந்தால் மட்டும் தட்டைப்பயறைச் சற்றுத் தள்ளி நடுங்கள்.

எந்தப் பூச்சி என்று சந்தேகம் இருந்தால், தாக்கிய கொழுந்து ஒன்றைக் காகித உறையில் போட்டு, சேலம் மாவட்டத்தவர் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், நாமக்கல் மாவட்டத்தவர் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் அங்கே காட்டிக் கேளுங்கள்.