அகத்தி இலையில் ஒரு கட்டடக் கலை

அமாவாசையன்று மதுரை சிம்மக்கல்லில் பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு வாங்குவோரைப் பார்த்திருப்பீர்கள். சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலை படர்வதும் அகத்தியின் மேல்தான். இம்மரத்துக்குத் தேமல் நோய் தரும் ஒரு வைரஸ், விஞ்ஞானத்தின் பழைய கேள்வி ஒன்றுக்கு விடை காண உதவியது. ஒழுங்கற்ற அசைவிலிருந்து ஒழுங்கு பிறக்குமா என்பதே அக்கேள்வி.

ஒரு குவளை நீரில் ஒரு துளி மையை விடுங்கள். கலக்காமலேயே மை எங்கும் பரவும். இதுவே விரவுதல். மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால் துகள்கள் திக்கின்றி அலைகின்றன. 1827இல் இராபர்ட் பிரௌன் இவ்வசைவை நுண்பெருக்கியில் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அதைக் கணக்கிட்டு விளக்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர் 1943இல் இதுபற்றி எழுதிய நீண்ட கட்டுரை புகழ் பெற்றது.

பரவிய மை மீண்டும் துளியாகத் திரள்வதில்லை. அப்படியானால் அதே அலைச்சலில் ஒரு வைரஸ் உருவாவது எங்ஙனம்?

1955இல் பிரேங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் இருவரும் புகையிலைத் தேமல் வைரஸைப் புரதமாகவும் ஆர்.என்.ஏ.வாகவும் பிரித்து, மீண்டும் ஒன்றாகக் கலந்தனர். நோய் உண்டாக்கவல்ல வைரஸ் தானே அமைந்துவிட்டது! விரவுதல் உறுப்புகளைச் சந்திக்க வைக்கிறது; பொருந்தும் பரப்புகளும் மின்னூட்டங்களும் அவற்றைப் பிடித்து வைக்கின்றன. உருண்டை வைரஸ்களின் கூட்டில் புரதங்கள் 60இன் மடங்குகளில் அமையும் என்று 1962இல் காஸ்பரும் குளூக்கும் கூறினர்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். ஆர். என். மூர்த்தி, எச். எஸ். சாவித்திரி குழுவினர், திருப்பதி வட்டாரத்து அகத்தியில் கிடைத்த வைரஸை ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர்களின் உதவியால் 1995இல் அதன் அமைப்பை விரிவாகக் கண்டனர். ஒரே வகைப் புரதம் 180 எண்ணிக்கையில் கூடிக் கட்டிய கூடு அது! அப்புரதத்தின் ஒரு முனை கைபோல நீண்டிருக்கும். அம்முனையிலிருந்து 65 அமினோ அமிலங்களை நீக்கியபோது, 60 புரதங்கள் மட்டுமே கூடிய சிறு கூடு அமைந்தது. இது 2002இல் வெளியான முடிவு.

இத்தகைய கைகளில் நேர் மின்னூட்டம் உண்டு, ஆர்.என்.ஏ.வில் எதிர் மின்னூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற முருகப்பன் முத்துக்குமார், பெலியுடன் சேர்ந்து 2006இல் இதைக் கணக்கிட்டார். கைகளின் மின்னூட்டத்துக்கு ஏற்பவே, பல வைரஸ்களில் உள்ளடங்கும் ஆர்.என்.ஏ.வின் நீளமும் அமைகிறது என்று காட்டினார்.

ஆக, இக்கட்டடத்துக்குக் கொத்தனார் இல்லை. வரைபடம் செங்கல்லிலேயே இருக்கிறது. செங்கல்லைக் கொண்டு சேர்ப்பது விரவுதல். கூடு கட்டும் வழி தெரிந்தால், அதைக் குலைக்கும் வழியையும் தேடலாம் அல்லவா?